இடப்பக்கம் சுவர் இருக்க வேண்டும்

ஆகஸ்ட் 3, சனி

இந்த நோட்டை டாக்டர் ஹேமாவதி கொடுத்தார். முப்பத்தொன்பது வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

"அவன் என்ன செஞ்சான், இவன் என்ன சொன்னான்னு எழுதாதீங்க தங்கமாரி. உங்க கை என்ன செஞ்சதுன்னு மட்டும் எழுதுங்க. முதல் பக்கத்தைக் காலியா விடுங்க. நீங்க அடிச்சவங்க பேரையெல்லாம் அங்க எழுதணும். எப்ப எழுத முடியுதோ அப்ப எழுதினாப் போதும்" என்றார்.

"வாக்காளர் பட்டியலா டாக்டர்?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

நான் ஏன் டாக்டரிடம் போகிறேன் என்றால், போன மாதம் மகளிர் காவல் நிலையத்தில் ஒரு சின்னப் பேச்சுவார்த்தை நடந்தது. கேஸ் வேண்டாம், பத்து வாரம் இந்த டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் மனைவி தனம் இப்போது அருப்புக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஓய்வுக்குத்தான். அவளுக்குக் காதுவலி.

வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. என் தங்கை கௌசல்யாவுக்குச் செப்டம்பர் ஆறாம் தேதி காலையில் முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். விருதுநகரில் எங்கள் டைல்ஸ் கடைக்குப் பின்னால், என் கல்யாணம் நடந்த அதே மண்டபம். மாப்பிள்ளை அரவிந்தன் சென்னையில் வேலை பார்க்கிறவர். ரிசப்ஷனுக்கு டிஜே வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

டிஜே பிடிக்கிற வேலையைக் கௌசி என் தலையில் கட்டினாள். மூன்று பேரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"மூணு பேரையும் போய்ப் பாருண்ணே. பேசு. நல்ல ஆளா ஒருத்தரை முடி. ஆனா கை நீட்டாம முடி. கல்யாணத்துக்குள்ள நீ யாரையாவது அடிச்சேன்னு என் காதுல விழுந்துச்சு, பொரி நீ போடமாட்ட. பெரியம்மா மகன் கண்ணனைக் கூப்பிட்டுருவேன்."

அக்னிக்கு முன்னால் அண்ணன்காரன்தான் பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போட வேண்டும். அவள் அதைத் தீயில் இடுவாள். அப்பா செத்தபோது கௌசிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது நான். வங்கித் தேர்வுக்கு மதுரைக்குக் கூட்டிப்போனது நான். அந்த ஒரு கைப்பிடிப் பொரிக்காகத்தான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன். கண்ணன் போடுவானாம். அவனுக்கு வேட்டியே ஒழுங்காகக் கட்டத் தெரியாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல் ஆள் மதுரையில் இருக்கிறான். டிஜே புயல் என்று பெயர். அறைக்குள்ளே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மேஜை மேல் காலைத் தூக்கி வைத்திருந்தான். ஷூவின் அடிப்பாகம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன வயது, என்ன சொந்தம் என்று ஒன்றும் தெரியாமல் என்னை "ப்ரோ" என்றான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் நேரத்துக்கு என்ன பாட்டு போடுவாய் என்று கேட்டேன். "பெருசுங்க எல்லாம் எட்டு மணிக்குக் கிளம்பிரும் ப்ரோ" என்றான்.

டாக்டர் சொன்னபடி கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கை மேஜை மேலிருந்த ஹெட்போனை எடுத்தது. ஹெட்போன் இரண்டாக வந்தது. ஒரு பாதியைக் கை சுவரில் எறிந்தது. பாதிதான். அதுவும் அவன் மேல் படவில்லை.

காலைக் கீழே இறக்கிவிட்டான்.

இது அடி கணக்கில் சேராது.

ஆகஸ்ட் 8, வியாழன்

தனத்துக்குப் போன் செய்தேன். "இருங்க, காதை மாத்திக்கிறேன்" என்றாள். எப்போது கூப்பிட்டாலும் இதே கதைதான். எடுக்கும்போதே சரியான காதில் வைத்து எடுத்தால் என்ன?

ரிசப்ஷனுக்கு வருவாயா என்று கேட்டேன். "கௌசிக்காக வருவேன். வந்து மொய் எழுதிட்டுப் போயிருவேன்" என்றாள். சொந்த நாத்தனார் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுப் போவாளாம், அடுத்த தெருக்காரி மாதிரி. கை போனை எறியவில்லை. இதை டாக்டர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாவது ஆள் சாத்தூரில் ஒரு கல்யாணத்தில் வாசிக்கிறான் என்று சொன்னார்கள். வாசிப்பதா, ஓட்டுவதா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. போய்ப் பார்த்தேன்.

ஆள் நல்லவன். அதுதான் கோளாறு. யார் வந்து அதட்டினாலும் அவர்கள் கேட்ட பாட்டைப் போடுகிறான். பெண் வீட்டுக்காரன் ஒருவன் தண்ணியடித்துவிட்டு வந்து ஒரே பாட்டை நான்கு தடவை போடச் சொன்னான், போட்டான். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினான். திரும்பப் போடு என்றார்கள், போட்டான். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்தது. அடுத்தது இரும்பு நாற்காலி. நீலச் சட்டைக்காரன் ஒருவனின் மண்டை பிளந்து ரத்தம் காதோரமாக வழிந்து சட்டைப் பைக்குள் இறங்கியது. பையில் இருந்த மொய்க் கவர் சிவப்பாகிவிட்டது. ஒரு பொம்பளை சாம்பார் வாளியைத் தூக்கி ஒருவன் முதுகில் கவிழ்த்தாள். அவன் போட்ட சத்தம் ஸ்பீக்கரையும் மீறிக் கேட்டது.

நானும் ஒரு நாற்காலியைத் தூக்கினேன். பாதுகாப்புக்குத்தான். யார் மேலாவது பட்டதா என்று கவனிக்கவில்லை. விருந்தாளி என்பதால் இது கணக்கில் வராது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. ஒரு மாதம் பட்டினி கிடந்தவன் சாப்பிட்ட மாதிரி.

ஒன்று புரிந்துவிட்டது. டிஜேயிடம் நல்ல பாட்டு இருந்தால் போதாது. "முடியாது" என்று சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அதையும் அடி வாங்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கம் காலியாக இருக்கிறதே என்றார். யார் பெயரை எழுதுவது டாக்டர், கடையில் வேலை பார்க்கிறவர்களை அதட்டுவதெல்லாம் அடியா என்றேன். "உங்க கல்யாணத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றார். எட்டு வருஷம் ஆகிறது என்றேன். அதுவும் இதே மண்டபம்தான், அப்போது டிஜே எல்லாம் ஏது, மைக் செட்தான், மைக் மூன்று தடவை கீச்சென்று கத்தியது, அதில் ஒரு சின்னத் தகராறு, மற்றபடி சிறப்பாக நடந்தது என்றேன்.

"என்ன தகராறு?"

"மறந்துபோச்சு டாக்டர்."

உண்மையிலேயே மறந்துதான் போய்விட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆள் கிடைத்துவிட்டான்!

சீட்டில் மூன்றாவது பெயர். டிஜே இன்னா. முழுப் பெயர் இன்னாசிமுத்து. சிவகாசியில் ஒரு ரிசப்ஷனில் அவன் வேலை செய்வதைப் பார்த்தேன். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். மோவாயில் மிளகு மாதிரி ஒரு மச்சம். கறுப்புக் கண்ணாடி இல்லை, ப்ரோ இல்லை. பெரியவர்கள் பந்தியில் உட்கார்ந்தபோது பழைய மெல்லிசை, அதுவும் பக்கத்து ஆளோடு பேசுகிற அளவுக்குத்தான் சத்தம். அவர்கள் வெற்றிலை போட்டு முடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் எழுந்து துண்டைச் சுழற்றி ஆடினார். குடித்துவிட்டு ஒருவன் வந்து மேஜையைத் தட்டினான். இன்னா அவனைப் பார்த்துச் சிரித்தான், முடியாது என்று தலையை ஆட்டினான், வேறு ஒரு பாட்டைப் போட்டான். வந்தவன் கோபத்தை மறந்து அதற்கு ஆடிக்கொண்டே போய்விட்டான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஹெட்போனை வலது காதில் மட்டும் அமுக்கி வைத்துக்கொள்கிறான். யாராவது பேசினால் தலையைத் திருப்புவதில்லை, மொத்த உடம்பையும் திருப்புகிறான்.

முடிந்ததும் போய்ப் பேசினேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அண்ணன் விருதுநகரா? டைல்ஸ் கடை மாரி அண்ணன்தானே?"

"ஆமா. என்னைத் தெரியுமா?"

"பாத்திருக்கேண்ணே."

பெரிய கடை, பார்த்திருப்பான். நிபந்தனைகள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தான். சாதிப் பாட்டு, கட்சிப் பாட்டு போடமாட்டான். குடித்தவர்கள் மேஜைக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் வேடிக்கை. அவன் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் சுவர் இருக்க வேண்டும். வாஸ்துவா தம்பி என்றேன். "அப்படி வச்சுக்கோங்கண்ணே" என்றான்.

ஆகஸ்ட் 21, புதன்

பாட்டுப் பட்டியல் போட இன்னா கடைக்கு வந்தான். அவன் எழுதிக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் நின்று பேசினேன். பதில் இல்லை. "தம்பி" என்றேன். திரும்பவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டும் ஒருவன் திரும்பவில்லை என்றால் என்ன அர்த்தம்? மதிப்பில்லை என்று அர்த்தம். கை மேஜையில் இறங்கியது. மேலே கிடந்த சாம்பிள் டைல்ஸ் நான்காக உடைந்தது.

இன்னா குதித்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். இடது காதை உள்ளங்கையால் மூடியிருந்தான்.

"அந்தக் காது கேக்காதுண்ணே" என்றான். "அதான் திரும்பலை. மன்னிச்சுக்கோங்க."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. டீ வாங்கி வரச் சொன்னேன். பிறவியிலேயே அப்படியா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. மைக் செட்ல வேலை பாத்தப்ப, ஒரு ரிசப்ஷன்ல ஒருத்தர் அறைஞ்சுட்டாரு. சவ்வு கிழிஞ்சு போச்சு. எட்டு வருஷமாச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. உழைக்க வந்தவனை அடிப்பவன் எல்லாம் மனுஷனா? "யாருன்னு மட்டும் சொல்லு தம்பி. அவனை ரோட்டுல போட்டு மிதிக்கிறேன்" என்றேன்.

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "வேணாம்ணே. வேலையப் பாப்போம்" என்றான்.

மாலையில் மாப்பிள்ளையின் சித்தப்பா சந்தனராஜ் போன் செய்தார். கட்சியில் ஏதோ பதவியில் இருக்கிறவர். "டிஜேகிட்ட நம்ம ஆளுங்க பாட்டு ரெண்டு போடச் சொல்லுங்க" என்றார். அதெல்லாம் போடமாட்டேன் என்பது அவன் நிபந்தனை என்றேன். "அவன் என்ன நிபந்தனை போடுறது, நான் நேர்ல பாத்துக்கிறேன்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். சம்பந்தி வீடு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அருப்புக்கோட்டைக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். அம்மாவும் வந்தாள். மாமனார் பத்திரிகையை வாங்கித் தட்டோடு கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியார் காபி கொடுத்தார், எனக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். கண்ணாடியை என் கையில் கொடுக்கப் பயம் போலிருக்கிறது.

தனம் இளைத்திருந்தாள். அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "எய்யா, புள்ள பாதியாப் போச்சே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் என்ன செய்யட்டும்? தனம் அம்மாவின் இந்தப் பக்கம் உட்காராமல், எழுந்து சுற்றிவந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பேசும்போது தலையைச் சாய்த்து, உடம்பையே திருப்பிக் கேட்கிறாள். இன்னாவும் இப்படித்தான்.

இப்போதெல்லாம் எல்லோருக்கும் காதுக் கோளாறு. செல்போன்தான் காரணம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பந்தல்காரனிடம் பேசினேன். கை சும்மா இருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

ரிசப்ஷனில் திரையில் ஓட்டுவதற்கு அண்ணன் தங்கை போட்டோக்கள் வேண்டும் என்று கௌசி கேட்டாள். பரணில் ஏறி எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். ஆல்பத்தில் சேர்க்காத போட்டோக்கள் தனியாக ஒரு கவரில் கிடந்தன. கண்ணை மூடியவர்கள், பாதி உருவம் வெட்டுப்பட்டவர்கள்.

அதில் ஒரு போட்டோ. மேடையில் கோட் சூட் போட்ட ஒருவன் வலது கையை வீசி முடித்த நிலையில் நிற்கிறான். நான்தான். எனக்கு முன்னால் ஒருவன் குனிந்து இடது காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான். காலுக்குக் கீழே மைக் கிடக்கிறது. மோவாயில் மச்சம்.

தனம் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருக்கிறாள். கழுத்தில் மாலை. அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள்.

போட்டோவைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி, செலோடேப் போட்டு ஒட்டினேன்.

செப்டம்பர் 2, திங்கள்

மறந்துபோச்சு டாக்டர் என்று சொன்னேன் அல்லவா.

செப்டம்பர் 5, வியாழன், மதியம்

மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அலங்காரக்காரன் தகராறு செய்கிறான். டிஜே மேஜையைப் போட வேண்டிய சுவரோரத்தில் அவன் பூ வளைவை நிறுத்திவிட்டான். அசைத்தால் எல்லாம் உதிர்ந்துவிடும் என்கிறான். மேஜையைக் கொண்டுபோய் நடுவில் போட்டாயிற்று. கை யாரையும் தொடவில்லை.

இன்னா வந்து பார்த்தான். "அண்ணே, சுவர்?" என்றான்.

"நான் நிக்கிறேன் தம்பி உன் இடப்பக்கம். கடைசி வரைக்கும் அசைய மாட்டேன். எவன் வர்றான்னு பாத்துருவோம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நான்கு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. இப்படியாவது நிற்கலாம் என்று தோன்றியது.

"நீங்களாண்ணே?" என்றான்.

வயரை எடுத்து மாட்ட ஆரம்பித்தான்.

செப்டம்பர் 6, வெள்ளி, காலை ஐந்தரை

கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் இருந்து எழுதுகிறேன். உதட்டில் நான்கு தையல். வலது கை வீங்கியிருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது.

நேற்று சாயங்காலம் ஏழரை வரைக்கும் நின்றேன். அவன் இடப்பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவனும் பழகிவிட்டான், ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தான். கௌசியும் அரவிந்தனும் மேடையில் நின்றார்கள். பந்தி நடந்தது. மெல்லிசை ஓடியது. எல்லாம் அழகாக இருந்தது.

அப்போது வாசலில் தனம் வந்தாள். பச்சைப் பட்டு. நான் வாங்கிக்கொடுத்தது. அதை அவள் கட்டிவந்ததைப் பார்த்ததும் எனக்குக் கால் நிற்கவில்லை. இரண்டு நிமிஷம்தானே என்று போய்விட்டேன்.

சந்தனராஜ் இடப்பக்கமாக வந்தார். இரண்டு ஆட்களோடு. ஏதோ கேட்டிருக்கிறார். இன்னாவுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டிருக்கிறார். அவன் பாட்டுக்கு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம பாட்டக் கேட்டா திரும்ப மாட்டியாடா நாயே" என்று அவர் கத்தியது தனத்துக்கு முன்னால் நின்ற எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் ஹெட்போன் வயரைப் பிடித்து இழுத்தார். இன்னாவின் தலை பக்கவாட்டில் போய் ஸ்பீக்கர் கம்பியில் மோதியது. புருவம் பிளந்தது. அவர் கையை ஓங்கினார்.

நான் ஓடினேன். என் கையும் மேலே போயிருந்தது.

இன்னா நிமிர்ந்தான். ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தனராஜ் அவனுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறார். ஆனால் அவன் அவரைப் பார்க்கவில்லை. ஓடிவருகிற என்னைப் பார்த்தான். பார்த்ததும் இரண்டு கையாலும் இடது காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்குக் கீழே குனிந்துவிட்டான்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பினேன். தனமும் இடது காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவள் மேல் யாரும் கை ஓங்கவில்லை. அவள் பக்கத்தில் யாருமே இல்லை. என் கை மேலே போனதைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் கை தானாகக் காதுக்குப் போய்விட்டது.

இதைப் பார்த்த பிறகு என் கை கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அடித்தேன். சந்தனராஜின் வாயில் முழு பலத்தோடு அடித்தேன். பல் ஒன்று என் விரலில் குத்திக்கொண்டு நின்றது. அவர் பூ வளைவுக்குள் விழுந்தார், வளைவு அவர் மேல் விழுந்தது. விழுந்தவரை மிதித்தேன். விலா எலும்பு ஷூவுக்குக் கீழே நொறுங்கியது தெரிந்தது. அவருடைய ஆட்கள் நாற்காலியால் என் முதுகில் அடித்தார்கள், முகத்தில் அடித்தார்கள். ஒருவன் என் முடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். எனக்கு வலிக்கவே இல்லை. இன்னொருவனின் கையை முறுக்கினேன். குழந்தைகள் அலறின. அம்மா "எய்யா, எய்யா" என்று கத்தினாள். நான் நிறுத்தவில்லை. யாருக்காக அடிக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

இவ்வளவுக்கும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கௌசிதான் மேடையிலிருந்து இறங்கி, உடைந்த கண்ணாடியைத் தாண்டி வந்து, லேப்டாப்பை மூடினாள்.

எல்லோரும் நின்றுவிட்டோம்.

அவள் என்னைத் திட்டவில்லை. தனம் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே தனம் இல்லை. மேஜைக்குக் கீழே இருந்த இன்னாவின் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டாள். அதன் பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"அவரைக் காப்பாத்தத்தான் அடிச்சேன் கௌசி" என்றேன்.

"அப்ப அவரு ஏன்ணே உன்னைப் பாத்து ஒளியிறாரு?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். ரத்தம்தான் வந்தது.

செப்டம்பர் 6, மதியம்

கல்யாணம் நடந்தது. சந்தனராஜை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கல்யாணத்தையே நிறுத்திவிடுவோம் என்று அவர்கள் தரப்பில் நான்கு பேர் குதித்தார்களாம். "அடிச்சது அவ அண்ணன், அவ இல்ல" என்று சொல்லி அரவிந்தன் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டார். தங்கமான மனுஷன். நான் மட்டும் மண்டபத்துக்குள் வரக் கூடாது என்றார்கள். கௌசி அதை மறுக்கவில்லை.

சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "பொண்ணுக்கு அண்ணா யாரு, வாங்கோ" என்று ஐயர் கூப்பிட்டார். கண்ணன் எழுந்து போனான். அவனுடைய வேட்டி அவிழ்ந்துவிடும் போல இருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பொரியை அள்ளி அவள் கையில் போட்டான். பாதி கீழே சிந்தியது. கௌசி நிமிர்ந்து ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அழுதாள். பொரியைத் தீயில் போட்டாள்.

நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். சமையல்காரர் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போலீஸ் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறது. சந்தனராஜ் புகார் கொடுத்திருக்கிறார். போவேன். ஜாமீனுக்கு ஆள் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அதற்கு முன்னால் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

இன்னா வீடு பாண்டியன் நகரில் இருக்கிறது. புருவத்தில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, ஒட்டுப் போட்ட போட்டோவை நீட்டி, எட்டு வருஷத்துக்குச் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் அறைந்தது, மறந்தது, மறந்த மாதிரி இருந்தது. சொல்லி முடித்தபோது சட்டை நனைந்துவிட்டது.

அவன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அண்ணே, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தப் பக்கம் கேக்காது."

சுற்றிப் போனேன். அவனது வலப்பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கேட்டுச்சுண்ணே" என்றான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

நான் யாரென்று முதல் நாளே தெரிந்தும் ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன்.

"தனம் அக்காதான் போன் பண்ணி, நாத்தனார் கல்யாணம், நீ வருவியான்னு கேட்டாங்க. கௌசி அக்கா சீட்டுல என் பேரைச் சேத்ததும் அவங்க சொல்லித்தான். அவங்க கேட்டா நான் மறுக்க முடியாதுண்ணே. அன்னிக்கு நீங்க அறைஞ்ச பின்னாடி, பட்டுச் சேலையும் மாலையுமா ஸ்டோர் ரூமுக்கு வந்து என் காதுல ஐஸ் வச்சு விட்டாங்க. அப்ப என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. 'தம்பி, உன்மேல ஏதாவது தப்பு இருந்துச்சா, இல்ல அவரு சும்மாவே இப்படித்தானா? விடிஞ்சா எனக்குத் தாலி. உண்மையச் சொல்லு'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முதலாளி சம்பளத்தப் பிடிச்சுருவாருன்னு பயம்ணே. என் தப்புதான்க்கான்னு சொல்லிட்டேன்."

வயரைக் கீழே வைத்தான். "எட்டு வருஷமா எனக்கு இந்தக் காதை விட அதுதாண்ணே வலிக்குது" என்றான்.

அங்கிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். இன்னாசிமுத்து என்று எழுதினேன். சந்தனராஜ். கடையில் வேலை பார்க்கிற முனியாண்டி, பால்சாமி. சாத்தூரில் என் நாற்காலி பட்டவனின் பெயர் தெரியாது, பெயர் தெரியாதவர் என்று எழுதினேன். கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே விட்டிருந்த இடத்தில் தனம் என்று எழுதினேன். அவள் பெயரை மட்டும் எத்தனை தடவை எழுத வேண்டும் என்று எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் நிறுத்திவிட்டேன்.

மாமனார் வீட்டில் இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. தனம் உள்ளேயிருந்து வந்தாள். சாவி கையில் இருந்தது. பூட்டைத் தொடவில்லை. அவள் ஒருக்களித்து நின்ற நிலையில் அவளுடைய இடது காதுதான் என் பக்கம் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து அவளுக்கு வலப்பக்கமாகப் போய் நின்றேன்.

நான் நகர்ந்ததைப் பார்த்து அவள் முகம் மாறியது.

"உன் காதுல அடிச்சது நான்தான் தனம்" என்றேன். "மாசி மாசம் ஒரு தடவை. அதுக்கு முன்னாடியும். காதுவலின்னு ஊரெல்லாம் சொன்னதும் நான்தான்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது.

"கேட்டுச்சு" என்றாள்.

கதவைத் திறக்கவில்லை. நான் திறக்கச் சொல்லவும் இல்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.